கோபமான, கோபமடைந்த, கோபக்கார: எதை எங்கே எழுதுவது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து யானைத் தொல்லை பற்றிப் பிரதேச செயலாளருக்கு ஒரு மனு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வரி: “பயமான மக்கள் இரவில் உறங்குவதில்லை.” எழுதியவர் சொல்ல வந்தது எல்லோருக்கும் விளங்கும். ஆனால் வாக்கியம் சொல்வது வேறு. பயமான காடு, பயமான பாதை, பயமான கிணறு என்ற வரிசையில் மக்களும் போய் நின்றுவிட்டார்கள். அவர்களைக் கண்டால் மற்றவர்கள் நடுங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. யானை தப்பித்துக்கொண்டது.

அதே கருத்துக்குப் பயந்த மக்கள் என்று எழுதலாம், அச்சமடைந்த மக்கள் என்று எழுதலாம், அச்சத்தில் வாழும் மக்கள் என்று எழுதலாம். அடைமொழியே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு, மக்கள் அஞ்சுகிறார்கள் என்று வினையால் முடிக்கலாம். இவற்றில் எதுவும் பிழையில்லை. ஆனால் ஒன்று பொருந்தும் இடத்தில் மற்றொன்று பொருந்துவதில்லை. கோபம், துயரம், அச்சம், மகிழ்ச்சி என்று கனமான உணர்ச்சி ஒன்றைப் பெயருக்கு முன்னால் வைக்கும்போது எந்த வடிவத்தைத் தெரிவு செய்வது என்பதே இங்கே பேச்சு. சாதாரண தரப் பரீட்சைக்குக் கட்டுரை எழுதும் பிள்ளைக்கும், சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதும் செயலாளருக்கும், அஞ்சலிப் பதாகைக்கு வாசகம் கொடுப்பவருக்கும் இது ஒரே தலையிடி.

பேச்சு வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்பு வழக்குத்தான் என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதினார். நமக்குப் பெருமைதான். ஆனால் அதனாலேயே, பேசுகிறபடி எழுதினால் போதும் என்ற தைரியமும் வந்துவிடுகிறது. பேசும்போது முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது. “பயமான சனங்கள்” என்றாலும் கேட்பவர் சரியாகவே எடுத்துக்கொள்வார். தாளுக்கு அந்த வசதி கிடையாது.

‘ஆன’ பார்க்கும் இரண்டு வேலைகள்

பெயரோடு ‘ஆன’ சேர்த்தால் அடைமொழி கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அழகு, அழகான. கோபம், கோபமான. பயம், பயமான. வாய்ப்பாட்டில் குறையில்லை. ஆனால் உணர்ச்சிச் சொற்களோடு சேரும்போது இந்த ‘ஆன’ இரண்டு விதமாக வேலை செய்கிறது. சில சொற்களில் அது உணர்ச்சியை உடையவரைக் காட்டுகிறது: மகிழ்ச்சியான பிள்ளை, சோகமான முகம். வேறு சிலவற்றில் அந்த உணர்ச்சியைப் பிறருக்கு உண்டாக்குவதைக் காட்டுகிறது: பயமான இடம், ஆச்சரியமான மனிதர், வெறுப்பான பேச்சு. ஆச்சரியமான மனிதர் என்றால் அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. அவரைப் பார்த்து நாம்தான் நிற்கிறோம்.

எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தமிழ் பேசும் எவருக்கும் காதிலேயே அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்த உணர்ச்சியை உங்களுக்கே ஏற்றிச் சொல்லிப் பாருங்கள். நான் கோபமாக இருக்கிறேன், நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், நான் கவலையாக இருக்கிறேன் என்று தயக்கமில்லாமல் சொல்கிறோம். நான் பயமாக இருக்கிறேன், நான் ஆச்சரியமாக இருக்கிறேன், நான் அதிர்ச்சியாக இருக்கிறேன் என்று சொல்வதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது என்கிறோம். ‘நான்’ ஏற்கும் சொல்லை ‘ஆன’ சேர்த்து ஆளுக்கு முன்னால் வைக்கலாம். ‘எனக்கு’ கேட்கும் சொல்லை வைக்கக் கூடாது. வைத்தால் பொருள் திரும்பிவிடும்.

பாடசாலைப் பரிசளிப்பு விழா அறிக்கைகளில் “பெருமையான பெற்றோர்கள் கைதட்டினார்கள்” என்று எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். எனக்குப் பெருமையாக இருக்கிறது என்றுதானே சொல்கிறோம்? ஆகவே பெருமையான விடயம், பெருமையான நாள் என்பவை சரி. பெற்றோர் பெருமைப்பட்ட பெற்றோர், அல்லது பெருமிதம் கொண்ட பெற்றோர். வெட்கமும் இதே கூட்டம். வெட்கமான செயல் உண்டு, வெட்கமான பெண் இல்லை. வெட்கப்பட்ட பெண் உண்டு.

பரிதாபம் மட்டும் இந்தச் சோதனைக்குள் அடங்காது. நான் பரிதாபமாக இருக்கிறேன் என்று ஒருவர் சொல்ல முடியும். ஆனால் அவர் யார் மீதும் இரக்கப்படவில்லை, தன்னைப் பார்த்து மற்றவர்கள் இரங்க வேண்டிய கோலத்தில் இருக்கிறார். “பரிதாபமான தாதி நோயாளியின் கையைப் பிடித்தாள்” என்று எழுதினால், நோயாளியை விட்டுவிட்டுத் தாதிக்கு யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

கோபம் இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம். கோபமான செய்தி, கோபமான இடம் என்று எவரும் சொல்வதில்லை. அது எப்போதும் உடையவரிடமிருந்து வெளியே பாய்வதால், ‘ஆன’ சேர்த்தாலும் உண்டாக்கும் பொருள் வருவதில்லை. கோபமான முகம், கோபமான பார்வை, கோபமான கடிதம் எல்லாமே ஒருவருடைய கோபத்தைச் சுமப்பவை. கோபத்தை உண்டாக்குவதைச் சொல்ல வேண்டுமானால் ஆத்திரமூட்டும் பேச்சு என்று வினையைத்தான் கூப்பிட வேண்டும். உண்டாக்கும் பொருளுக்கு வடமொழி வழியாக வந்த ‘கரமான’ என்ற வாலும் கைவசம் இருக்கிறது: திருப்திகரமான பெறுபேறு, மகிழ்ச்சிகரமான செய்தி, துக்ககரமான நிகழ்வு. இவற்றை ஆளுக்கு வைக்க முடியாது என்பது கேட்டவுடனேயே தெரிந்துவிடுவதால் குழப்பம் குறைவு. துக்ககரமான விதவை என்று இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் “கோபமான மீனவர்கள்” சரிதானே என்றால், இலக்கணப்படி சரி. வாசிக்கும்போது மட்டும் ஏதோ ஒட்டாமல் நிற்கிறது. காரணம், ‘ஆன’ ஆளைப் படமாக நிறுத்திவிடுகிறது. அந்தக் கோபம் எப்போது வந்தது, எதனால் வந்தது, இன்னும் இருக்கிறதா என்பதற்கு அதில் இடமில்லை. ‘ஆன’ என்பதும் ஒரு காலத்தில் ‘ஆ’ என்ற வினையின் பெயரெச்சமாக இருந்ததுதான். இன்று அந்த வினை உயிர் அதில் மிகக் குறைவு. முகத்துக்கும் குரலுக்கும் ‘கோபமான’ வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வினையோடு வாருங்கள்.

அந்த வினைகளுக்குள்ளும் தெரிவு இருக்கிறது. அடைந்த என்பது பொதுவானது, நிகழ்வைச் சொல்வது. அதிர்ச்சியடைந்த, அச்சமடைந்த, மகிழ்ச்சியடைந்த, ஆத்திரமடைந்த என்று எதனோடும் சேரும். சந்தேகம் வந்தால் இதையே எழுதலாம். கொண்ட என்பது பிடித்து வைத்திருப்பது. ஆகவே கோபங்கொண்ட, ஆசை கொண்ட, பகைமை கொண்ட என்று நின்று நிலைக்கும் உணர்ச்சிகளுக்குப் பொருந்தும். கணத்தில் தாக்கிவிட்டுப் போகும் அதிர்ச்சியை யாரும் கொண்டிருப்பதில்லை. உற்ற என்பதில் பழைய வாசனை: துயருற்ற, அச்சமுற்ற. கட்டுரைக்கு அழகு, வாடிக்கையாளர் கடிதத்துக்கு அதிகம். பட்ட என்பது பேச்சுக்கு மிக அருகில் இருப்பது: கோபப்பட்ட, கவலைப்பட்ட, பொறாமைப்பட்ட. சிறுவர் கதைக்கு இதைவிட நல்லது இல்லை.

இவற்றோடு கோபக்கார என்ற ஒன்றும் இருக்கிறது. அதை எடுக்கும்போதுதான் கவனம் தேவை. “கோபமடைந்த அதிபர்” என்பது ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறது. “கோபக்கார அதிபர்” என்பது அவருடைய குணத்துக்கே சான்றிதழ் எழுதுகிறது. பெற்றோர் ஒருவர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதுகிறார் என்றால் முதலாவதை நிரூபிக்கலாம்; இரண்டாவதை நிரூபிக்க முடியாது, அதோடு அதிபரின் உண்மையான கோபத்துக்கும் ஆளாக நேரிடும். ஒருவர் இயல்பாகவே கடிந்து விழுபவர் என்று சொல்லத்தான் வேண்டும் என்றால் நம் ஊர் வாயிற்கதவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். “கோபமான நாய் உண்டு” என்று எவரும் எழுதி வைப்பதில்லை. “கடிநாய் கவனம்” என்கிறார்கள். நாயின் மனநிலை யாருக்கு வேண்டும்? அது செய்யப்போவதுதான் வேண்டும்.

வருத்தம் என்றால் எங்களுக்கு நோய்

இந்தியப் பதிப்புக் கதை ஒன்றை வகுப்பில் வாசித்துக்கொண்டு போகும்போது “அப்பா மிகவும் வருத்தமாக இருந்தார்” என்று ஒரு வரி வந்தால், பின்வரிசையிலிருந்து கேள்வி எழுவது நிச்சயம்.

“என்ன வருத்தம் சேர்? காய்ச்சலா?”

“இல்லை மகன், அவருக்குக் கவலை.”

“அப்படியென்றால் ஏன் சேர் வருத்தம் என்று போட்டிருக்கிறார்கள்?”

பிள்ளை கேட்டதில் நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மட்டுமல்ல, இலங்கைத் தமிழ் முழுவதிலும் வருத்தம் என்றால் முதலில் நோய்தான். வருத்தக்காரர் என்றால் நோயாளி. ஆகவே “வருத்தமான மாணவன்” என்ற தொடரை இங்கே உள்ளவர் வாசித்தால் விடுமுறைக் கடிதம் நினைவுக்கு வரும். சென்னையில் உள்ளவர் வாசித்தால் யாரோ அவனைத் திட்டிவிட்டார்கள் என்று நினைப்பார். இரண்டு பக்கத்து வாசகரையும் மனதில் வைத்து எழுதுகிறவர் துயரத்துக்கு இந்தச் சொல்லைத் தவிர்ப்பதே நல்லது. மனவருத்தம் என்று எழுதினால் இரு கரையிலும் குழப்பமில்லை. துயருற்ற, மனமுடைந்த, கவலையடைந்த என்பவையும் இருக்கின்றன.

கவலையிலும் ஒரு கண்ணி உண்டு. நமக்குக் கவலை என்றால் துக்கம். தமிழகத்தில் நாளை என்ன ஆகுமோ என்ற நினைப்புக்குத்தான் அது பெரும்பாலும் போகிறது. இந்த வேறுபாடு பெரிய சேதம் செய்யாது. சேதம் செய்வது ‘கவலைக்கிடமான’ என்ற சொல். அதன் அழகைப் பார்த்து மயங்கி, “கவலைக்கிடமான தாய் மகனைத் தேடினாள்” என்று எழுதிவிடுகிறார்கள். கவலைக்கிடமான என்பது இன்று வைத்தியசாலைக்கே எழுதிக் கொடுக்கப்பட்ட சொல். உயிருக்குப் போராடும் நிலையைக் குறிப்பது. அந்தத் தாய் தேட வேண்டியது மகனையல்ல, அம்புலன்ஸை.

அந்தரம் என்ற சொல்லை எழுத்தில் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் தீர்ப்பு: கதையில் தாராளமாக, மனுவில் வேண்டாம். பதற்றமும் அவசரமும் கையறு நிலையும் ஒன்றாகக் கலந்த அந்த உணர்ச்சிக்குப் பொது வழக்கில் நிகரான ஒற்றைச் சொல் கிடையாது. “அந்தரப்பட்ட மனிதர்” என்று எழுதினால் இங்குள்ள வாசகர் அந்த ஆளைக் கண்ணால் காண்பார். அதையே திணைக்களக் கடிதத்தில் எழுதினால், வெளியூரிலிருந்து வந்த அலுவலர் அகராதியைத் திறந்து ஆகாயம் என்று பொருள் கண்டுபிடிப்பார். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் முஸ்லிம்கள் வழங்கும் கைசேதமும் இப்படித்தான். இழப்பும் பின்னிரக்கமும் சேர்ந்த அந்தச் சொல்லின் இடத்தில் ‘துக்கம்’ என்று வைத்தால் பாதிப் பொருள் போய்விடும்.

எவ்வளவு கோபம்?

வடிவம் முடிவானால் அடுத்து அளவு. இங்கே எழுதுகிறவர்கள் சுலபமாக ‘மிகவும்’ என்ற சொல்லில் இறங்கிவிடுகிறார்கள். தமிழில் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் அதனதன் துணை இருக்கிறது. கடும் என்பது கோபம், சினம், அதிருப்தி, எதிர்ப்பு, கண்டனம் என்று வெளியே பாய்பவற்றோடு போகிறது. ஆழ்ந்த என்பது கவலை, துயரம், அனுதாபம், அன்பு என்று உள்ளே இறங்குபவற்றோடு போகிறது. மட்டற்ற, எல்லையில்லாத என்பவை மகிழ்ச்சிக்கு. தீராத என்பது பகைக்கும் கவலைக்கும் ஆசைக்கும். மாற்றிப் போட்டுப் பாருங்கள்: கடும் மகிழ்ச்சி, மட்டற்ற அச்சம், ஆழ்ந்த கோபம். இலக்கண விதி எதுவும் உடையவில்லை, ஆனாலும் காது ஏற்க மறுக்கிறது. மிகுந்த என்ற சொல் மட்டும் எல்லாரோடும் ஒத்துப்போகும். அதனாலேயே அதற்குத் தனி நிறம் கிடையாது; வேறொன்றும் அகப்படாதபோது எழுதிக்கொள்ளலாம்.

பெரும் என்பதை எடுப்பவர்கள் அடுத்து வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். உயிர்மெய்யெழுத்து முதலில் வந்தால் பெருமகிழ்ச்சி, பெருந்துயர், பெருங்கவலை. உயிரெழுத்து முதலில் வந்தால் பேரச்சம், பேரதிர்ச்சி, பேரானந்தம். பெரும் அதிர்ச்சி என்று பிரித்து எழுதுவதும் அச்சில் நிறையவே வருகிறது. அதைத் தவறென்று அடிக்க மாட்டேன். பேரதிர்ச்சி என்ற ஒரே சொல்லில் இருக்கும் அடி அதில் இல்லை என்பதை மட்டும் சொல்வேன். இப்படிக் கூட்டிய சொல்லுக்கு முன்னால் இன்னொரு ‘மிகவும்’ வைப்பது வீண் செலவு. “மிகவும் மட்டற்ற மகிழ்ச்சி” என்றால் மட்டே இல்லாததற்கு மேலும் ஒரு மட்டம் தேடுகிறோம்.

மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்கள் என்று நன்னூல் ஆறைத் தருகிறது: சால, உறு, தவ, நனி, கூர், கழி. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இவற்றில் ஒன்றையாவது கட்டுரைக்குள் செருகிவிட வேண்டும் என்று துடிப்பார்கள். சாலச் சிறந்தது, நனிநன்று போன்ற தொடர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. உணர்ச்சிக்கு என்றால் கழிபேருவகை ஒன்று மேடைப் பேச்சில் எப்போதாவது தலைகாட்டும். மற்றவற்றை இன்றைய உரைநடையில் வைத்தால், வாசகர் உணர்ச்சியை விட்டுவிட்டுச் சொல்லைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கோபத்துக்கென்று எங்கள் பகுதியில் தனியாக ஒரு சொல்லும் உண்டு. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று மட்டக்களப்பு, அம்பாறை இரு மாவட்டங்களிலும் உள்ள கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் சடங்கு நடக்கிறது. அவள் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளைத் தணிக்கக் கடைசியில் குளிர்த்தி பாடிச் சடங்கை நிறைவு செய்கிறார்கள். அந்தக் கோபத்தைக் கடுங்கோபம் என்று சொன்னால் போதாது. அம்மன் உக்கிரமாக இருக்கிறாள் என்பார்கள். கோபத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்தலாம், உக்கிரத்தில் இருப்பவளைக் குளிர்விக்கத்தான் வேண்டும். உக்கிரமான வெயில், உக்கிரமான போர் என்றும் வரும். அங்கும் மனிதர் கைக்கு அடங்காத வெப்பம்தான். ஆகவே “உக்கிரமான ஆசிரியர் மாணவனை ஏசினார்” என்று ஒரு பிள்ளை எழுதினால், அது வேண்டுமென்றே எழுதிய பகிடியா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் புள்ளி போட வேண்டும்.

மனுவும் செய்தியும்

“ஆத்திரமடைந்த பொதுமக்கள் வீதியை மறித்தனர்.” செய்தி எழுதுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் வரி இது. வாவியில் தடை செய்யப்பட்ட வலைகள் பற்றிய ஆர்ப்பாட்டம் ஒன்றை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

“கோபமான மீனவர்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டனர்.”

“ஆத்திரமடைந்த மீனவர்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டனர்.”

“தடை செய்யப்பட்ட வலைகளைப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று கூறி மீனவர்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டனர்.”

முதலாவதைத் தள்ளிவிடலாம். இரண்டாவது தலைப்புக்குப் பரவாயில்லை, குறுகிய இடத்தில் நிகழ்வையும் உணர்ச்சியையும் தருகிறது. செய்திக்குள் மூன்றாவதே நிற்கும். அங்கே கோபம் என்ற சொல்லே கிடையாது, ஆனால் கோபத்தின் காரணம் இருக்கிறது. வாசகர் அந்தக் கோபம் நியாயமா என்று தானே முடிவு செய்துகொள்வார். ‘ஆத்திரமடைந்த’ என்று எழுதும்போது காரணத்தை நாம் விழுங்கிவிட்டு, கூட்டத்தின் முகத்தை மட்டும் காட்டுகிறோம். இந்தச் சொற்கள் யாருக்குப் போகின்றன என்பதையும் கவனியுங்கள். மக்கள் ஆத்திரமடைகிறார்கள், கொதித்தெழுகிறார்கள். அமைச்சரும் அதிகாரியும் அதிருப்தி வெளியிடுகிறார்கள், கவலை தெரிவிக்கிறார்கள். ஒரே அளவு கோபம்தான். கதிரைக்கு ஏற்றபடி அடைமொழி மாறுகிறது.

மனுவுக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளை எண்ணுகிறது. எண்ணியதோடு நின்றுவிடாமல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நிலைக்களன்களையும் தருகிறது. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல். கோபம் எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. எதனால் வந்தது என்பதுதான் இலக்கணம். மனு எழுதுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் போதும். “மிகுந்த அச்சமடைந்த நாங்கள் சொல்லொணாத் துயரத்துடன் அறியத் தருவது யாதெனில்” என்று தொடங்கும் கடிதத்தை அலுவலர் இரண்டாவது பந்திக்குத் தாவித்தான் வாசிப்பார். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

“நேற்று இரவு இரண்டு யானைகள் எமது வயல் வட்டைக்குள் புகுந்து குடலைப் பருவத்தில் இருந்த நெல் வேளாண்மையை மிதித்தன. காவற்பரண் ஒன்று சாய்க்கப்பட்டது. பொழுது சாய்ந்த பின் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டோம்.”

அச்சம் என்ற சொல் எங்கேயும் வரவில்லை. ஆனால் வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டோம் என்ற இடத்தில் அது இருக்கிறது, எந்த அடைமொழியையும் விட உரக்க. அடைமொழி ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் கடைசியில் ஒரே ஒரு முறை, “அச்சத்தில் வாழும் எமது கிராம மக்கள்” என்று எழுதலாம். அச்சமடைந்த என்றால் ஒரு இரவோடு முடிந்ததாகிவிடும். வாழும் என்பது இன்றும் தொடர்வதைச் சொல்கிறது. மின்வேலி கேட்டு எழுதும் கடிதத்துக்கு அந்தத் தொடர்ச்சிதான் முக்கியம்.

கட்டுரைப் பரீட்சையில் கணக்கு வேறு. அங்கே சொல்வளத்துக்கும் புள்ளி உண்டு என்பதால் அடைமொழியை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். ஒரு பந்தியில் ஒன்று, அதுவும் அந்தப் பந்தியின் மிகக் கனமான இடத்தில்.

பதாகைக்குப் போகும் முன்

அஞ்சலிப் பதாகை விடயத்தில் புதுமை தேட வேண்டியதில்லை. துக்க வீட்டில் யாரும் நடைநயம் பார்ப்பதில்லை. வழக்கமான சொல் ஆறுதல் தருகிறது. தெரிவு யார் சொல்கிறார்கள் என்பதில்தான். சங்கமோ பாடசாலையோ சொல்வதானால் ஆழ்ந்த அனுதாபம், ஆழ்ந்த இரங்கல். குடும்பத்தார் சொல்வதானால் மீளாத் துயர், ஆறாத் துயர். சங்கம் ஒன்று தன் முன்னாள் பொருளாளருக்காக “மீளாத் துயரில் தவிக்கும்” என்று போடும்போது, அவருடைய பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டது போல இருக்கிறது.

ஒற்றெழுத்தில்தான் பதாகைகள் அதிகம் சறுக்குகின்றன. ஆழ்ந்த, மிகுந்த, தீராத, மீளாத என்று முழுமையாக வரும் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது: ஆழ்ந்த கவலை, தீராத துயரம். ஆழ்ந்தக் கவலை என்று ‘க்’ போடுவது பிழை. அதே சொல் கடைசி எழுத்தை இழந்து தீரா, மீளா, சொல்லொணா என்று குறுகி நின்றால் வல்லினம் மிகும்: தீராக் கவலை, மீளாத் துயர், சொல்லொணாத் துயரம். ‘த’ இருந்தால் ஒற்று வேண்டாம், ‘த’ போனால் ஒற்று வரும் என்று நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

றகரத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஆறாத் துயர் என்றால் புண் ஆறாதது போல ஆறாத துயர். அதில் இடையின ரகரம் விழுந்து ஆராத் துயர் என்று அச்சாகிவிட்டால், ஆர்தல் என்பது நிறைவடைதல் ஆகையால், இந்தத் துயரம் எங்களுக்கு இன்னும் போதவில்லை என்று குடும்பத்தார் எல்லோரும் பெயர் போட்டுக் கையொப்பம் வைத்ததாகிவிடும். அச்சகத்துக்காரர் அனுப்பும் முதற்படியைத் திருத்த வீட்டில் துக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் தமிழ் படிப்பிக்கும் டீச்சர் யாராவது இருந்தால் அவரிடம் காட்டுங்கள்.